மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது



கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியைத் தாண்டி ஓசூர் நோக்கி வருகிற ஒரு டீசல் காரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ரேடியேட்டர் ஃபேன் செத்துப்போயிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. தெரிய வழியும் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேன் சுற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. மேலுமலை ஏற்றத்தைக்கூட நிற்காமல் ஏறிவிட்டால் டெம்பரேச்சர் முள் சற்றே அசைந்து, சூளகிரி வருவதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஓசூர் தாண்டி, ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளியில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊரத் தொடங்கும்போதுதான் ஏ.சி.யின் குளிர் குறையும், முள் மேலே ஏறும், சிவப்பு விளக்கு எரியும். பழுது ஏற்பட்டது எங்கோ, எப்போதோ. அது கண்ணில் பட்டது மட்டும் அத்திப்பள்ளியில். பழுது நிகழும் இடமும் தெரியும் இடமும் இப்படி வேறு வேறாக இருப்பதால்தான், தெரிந்த இடத்திலேயே கையை வைத்து மருந்து போடும் வழக்கம் நம்மை ஏமாற்றுகிறது.

அந்த வழக்கத்துக்கு நம் பட்டறைகளில் ஒரு பெயர் உண்டு: 'மாத்திப் பாத்துடலாம்.' ஃபேன் சுற்றவில்லையா, மோட்டாரை மாற்றிப் பார்த்துவிடலாம். அப்படியும் சுற்றவில்லையா, சென்சாரை மாற்றிப் பார்த்துவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஃபேனுக்கு டைரக்ட் ஒயர் கொடுத்து அனுப்பிவிடலாம். மூன்று பொருள் மாறியிருக்கும், வண்டியும் ஓடும். ஆனால் என்ன கெட்டிருந்தது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. ஃபேன் சுற்றாமல் இருப்பது நோயின் பெயரல்ல. ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி அசையவில்லை என்ற செய்தி மட்டுமே அது. எந்தக் கண்ணி அறுந்தது என்பதை வரிசையாகக் கேட்டுத்தான் அறிய முடியும். அந்த வரிசையை அறிந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை என்பதும், அந்த அறிவு ஆலைகளின் வாயிற்கதவைத் தாண்டி வெளியே வரவில்லை என்பதும்தான் நான் சொல்ல வந்தது.

இந்த மண்ணின் வரலாற்றைப் பாருங்கள். அசோக் லேலண்ட் 1980-இல் ஓசூரில் ஆலை திறந்தது. டி.வி.எஸ். குழுமம் அதே காலத்தில் இங்கே மொபெட் செய்யத் தொடங்கியது. ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தர மேலாண்மைக்கு உலகில் வழங்கப்படும் மிகப் பழைய, மிகக் கடினமான பரிசுகளில் ஒன்று அது. அந்தப் பரிசின் அடியில் இருக்கும் பழக்கம் மிக எளிமையானது. குறை தென்பட்டால் 'ஏன்' என்று கேள். கிடைத்த பதிலுக்கும் 'ஏன்' கேள். ஐந்து முறை கேட்பதற்குள் வேருக்கு வந்துவிடுவாய். ஜப்பானில் டொயோட்டா ஆலைகளில் தைச்சி ஓனோ பரப்பிய முறை இது; இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில், பிடதியில் இருக்கும் டொயோட்டா ஆலையிலும் இதுவே நடைமுறை. சிப்காட் வளாகத்துக்குள் ஒரு போல்ட்டில் விரிசல் கண்டால் இந்த வரிசைப்படி ஆராய்கிறோம். அப்படி ஆராயும் தொழிலாளியின் கார் பாகலூர் சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ ஒரு பட்டறைக்குப் போனால் அங்கே 'மாத்திப் பாத்துடலாம்' என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு மதில்சுவர்தான் இருக்கிறது.

சங்கிலியைப் புரிந்துகொள்ள, டீசல் என்ஜின் எதற்காகக் குளிர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். ருடால்ஃப் டீசல் 1893-இல் தன் கோட்பாட்டை நூலாக வெளியிட்டபோது, தன் என்ஜினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியே தேவைப்படாது என்றுதான் நம்பினார். வெப்பத்தை வெளியே விடுவது வீண் என்பது அவர் கணக்கு. ஆக்ஸ்பர்க் நகரில் செய்து பார்த்த சோதனைகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் சோதிக்கப்பட்டு 26.2 விழுக்காடு திறன் காட்டிய அந்தப் புகழ்பெற்ற என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. இன்றைய கார் டீசல் என்ஜின் தன் மிகச் சிறந்த நிலையில் 40 விழுக்காட்டை எட்டுகிறது. மீதி வெப்பத்தில் ஒரு பங்கு புகையோடு போகிறது, இன்னொரு பெரும் பங்கு கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கிருந்து அதைக் காற்றுதான் எடுத்துச் செல்ல வேண்டும். ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது அதை இழுத்து வருவது ஃபேன்.

இதிலேயே டீசலுக்கு மட்டும் உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. பெட்ரோல் காரில் பழகிய கண் அதைத் தவறவிடும். டீசல் என்ஜின் சும்மா நிற்கும்போது எரிக்கும் எரிபொருள் மிகக் குறைவு, ஒரு காருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது. அதனால் அது மெதுவாகவே சூடாகும். டிசம்பர் காலை ஓசூர்க் குளிரில் வண்டியை ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் பட்டறை வாசலில் நிறுத்திவைத்து, 'ஃபேன் போடவே இல்லை, மோட்டார் போச்சு' என்று தீர்ப்புச் சொன்னால் அது பொய்த் தீர்ப்பு. பல கார்களில் கூலன்ட் 95 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் ஃபேன் குறைந்த வேகத்தில் சுற்றத் தொடங்கும், 100 டிகிரியைக் கடந்த பிறகே முழு வேகம் பிடிக்கும். குளிர்ந்த காலையில் சும்மா நிற்கும் டீசல் கார் அந்த 95-ஐத் தொடாமலே இருக்கலாம். நலமாக இருக்கும் ஒரு மோட்டாரை இப்படிக் கழற்றி எறிந்த பட்டறைகள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால் நமக்கு வருத்தமே மிஞ்சும்.

அடுத்து, எந்த வகை ஃபேன் என்பது. எல்லா டீசல் காரிலும் ஒரே ஃபேன் இல்லை. இன்னோவா போல என்ஜின் நீளவாக்கில் அமைந்து பின்சக்கரம் ஓடும் வண்டியில், ஃபேன் என்ஜினோடு சேர்ந்தே சுற்றும். நடுவில் சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் அதன் முகத்தில் இருக்கும் சுருள்தகடு விரிந்து எண்ணெய்க்கு வழி திறக்கும், ஃபேன் இறுகப் பிடித்துச் சுழலும். இதில் ஒயரும் இல்லை, ரிலேயும் இல்லை. வண்டியை அணைத்து ஆறவைத்து, கையால் இறக்கையைத் தள்ளிப் பார்த்தால் தேனில் சுற்றுவது போன்ற ஒரு தடை தெரிய வேண்டும். கைவிட்ட பிறகும் காற்றாடி போல லேசாகச் சுற்றிக்கொண்டே போனால், அல்லது மையத்தைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், கிளட்ச் தன் எண்ணெயை இழந்துவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா போல என்ஜின் குறுக்குவாக்கில் அமைந்து முன்சக்கரம் ஓடும் வண்டிகளில் மின்மோட்டார் ஃபேன்தான். இனி நான் பேசப்போவது பெரும்பாலும் இதைப் பற்றியே. சங்கிலி நீளமாக இருப்பதும் தப்பு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

முதல் கேள்விக்குக் கருவியே வேண்டாம், வாய் போதும். வண்டி எங்கே சூடாகிறது? அத்திப்பள்ளியில் ஊரும்போது சூடாகி, வண்டி வேகமெடுத்ததும் முள் இறங்கினால் சந்தேகம் ஃபேன் பக்கம் திரும்ப வேண்டும். மாறாக, காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தங்குதடையற்ற சாலையில் 80-இல் வரும்போதே முள் ஏறினால் ஃபேனைத் தொடவே வேண்டாம். அந்த வேகத்தில் ஃபேனுக்கு வேலையே இல்லை. அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், ஊதிப்போன ஹெட் கேஸ்கெட் என்று வேறு நான்கு கதவுகளைத் தட்ட வேண்டும். இந்த ஒரு கேள்வியை வண்டி உள்ளே வரும்போதே கேட்டால் பாதிக் கூலி மிச்சம். ஆனால் வண்டியை விட்டுச் செல்கிறவர் டிரைவராக இருப்பார், சூடானபோது ஓட்டியவர் முதலாளியாக இருப்பார், கேள்வி கேட்கப்படாமலே போய்விடும். போன் போட்டுக் கேளுங்கள் என்பேன். இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது, கூலன்ட் அளவு. இதை மின்சோதனைக்கு முன்னால் வைக்கிறேன், காரணம் உண்டு. வெப்பச் சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருந்தால்தான் உண்மை பேசும். கூலன்ட் குறைந்து அதைச் சுற்றிக் காற்றோ நீராவியோ நின்றுவிட்டால், என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சென்சார் குறைந்த வெப்பத்தைச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பி ஃபேனைப் போடாது. ஓட்டுகிறவர் 'முள் இறங்கிடுச்சு' என்று நிம்மதியாக இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓட்டுவார், ஹெட் வளைந்துவிடும். இங்கே ஃபேன், ரிலே, சென்சார் மூன்றும் குற்றமற்றவை. எங்கோ ஒரு ஹோஸ் கிளாம்ப்பில் சொட்டிய கசிவுதான் குற்றவாளி. ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தத்தால்தான், பல கார்களில் அது 1.1 பார் அளவில் இருக்கும், உள்ளே இருப்பது 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய், மொத்தமும் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது.   நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு நீர், கடின நீர். அவசரத்துக்கு ஒரு குடம் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்படியே ஓட்டினால், சோறு வடிக்கும் பானையின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும், சென்சாரின் முனையிலும் படியும். முனையில் படிவு உள்ள சென்சார் தாமதமாக உணரும், ஃபேன் தாமதமாகச் சுற்றும். வெளிப்பக்கமோ கிரானைட் தூசியின் பக்கம். குவாரி லாரிகள் போகும் சாலைகளில் ஓடும் காரின் ஏ.சி. கண்டென்சரைச் சற்றுத் தள்ளி எடுத்துப் பாருங்கள். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு விரிப்பு இருக்கும்: தூசி, பூச்சி இறகு, புல்விதை எல்லாம் சேர்ந்து இறுகியது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். புது மோட்டார் போட்டாலும் அந்தக் கம்பளி வழியாகக் காற்று எப்படி வரும்?

மூன்றாவது, ஏ.சி.யைப் போட்டுப் பார்ப்பது. பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஓடத் தொடங்கியதும் சில விநாடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். இது செலவே இல்லாத, ஆனால் சங்கிலியை நடுவில் வெட்டிக் காட்டும் சோதனை. ஏ.சி. போட்டால் சுற்றுகிறது, சூடானால் சுற்றவில்லை என்றால் அந்த வேகத்துக்கான மோட்டார், ஃபியூஸ், ரிலே, ஒயர் எல்லாமே வேலை செய்கின்றன என்று பொருள். சந்தேகம் வெப்பத்தைச் சொல்லும் பக்கத்துக்குச் சுருங்கிவிடுகிறது. குறைந்த வேகம் வரவில்லை, முழு வேகம் மட்டும் வருகிறது என்றால் வேகம் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தச் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஏ.சி.யில் கேஸ் இறங்கிப்போயிருந்தால் கம்ப்ரசரே பிடிக்காது, ஃபேனும் வராது. அப்போது ஃபேனைக் குறை சொல்வது பிழை. கம்ப்ரசர் பிடித்ததா என்று முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

இனி மின்பகுதி. இங்கேதான் நல்ல எலக்ட்ரீஷியனும் வெறும் மாற்றுக்காரரும் பிரிகிறார்கள். ஃபேன் கனெக்டரைக் கழற்றி, ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறோம்; 12 வோல்ட் காட்டுகிறது. 'கரன்ட் வருது, மோட்டார் போச்சு' என்று முடிவு செய்கிறோம். இது நூற்றுக்கணக்கான பட்டறைகளில் நடக்கும் பிழை. மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. முப்பது இழை கொண்ட ஒயரில் இருபத்தொன்பது அறுந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட்டைக் காட்டிவிடும். ஃபேன் மோட்டாருக்கோ பத்து, இருபது ஆம்பியர் வேண்டும், அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது. ஆகவே மல்டிமீட்டருக்குப் பதில் ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்தக் கனெக்டரில் கொடுங்கள். அது நான்கரை ஆம்பியர் இழுக்கும். முழு வெளிச்சத்தோடு எரிந்தால் ஒயர் ஓரளவு நலம். மங்கி எரிந்தால் மோட்டார் மேல் கையை வைக்காதீர்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், மோட்டார் ஓடும்போதே பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மோட்டாரின் பிளஸ்ஸுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பிறகு மோட்டாரின் மைனஸுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே வையுங்கள். இரண்டில் எதிலாவது அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் அந்த வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. பெரும்பாலும் அது எர்த் பாயின்ட்டில் இருக்கும், அல்லது பழுப்பேறி உருகத் தொடங்கிய கனெக்டரின் உள்ளே இருக்கும். அந்தப் பழுப்பைத் துடைத்து, முனையை இறுக்கினால் சில வண்டிகளுக்குப் பழைய மோட்டாரே போதும்.

இந்த இடத்தில் என் தலைப்புக்கு நானே ஒரு விலக்கு தர வேண்டும். ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே எண்ணுடையவையாக இருந்தால், ஹாரனுடையதைப் பிடுங்கி ஃபேன் இடத்தில் செருகிப் பார்ப்பது முறையான சோதனைதான். காசு செலவாகவில்லை, திரும்ப வைத்துவிடலாம், அதைவிட முக்கியமாக, 'இப்போது ஃபேன் சுற்றினால் பழைய ரிலேதான் குற்றவாளி, சுற்றாவிட்டால் அது நிரபராதி' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிறோம். எதிர்பார்ப்பை முதலில் சொல்லாமல் கடையில் புதுப்பொருள் வாங்கி மாட்டுவதற்குப் பெயர் சோதனை இல்லை. மோட்டாருக்கும் இப்படி ஒரு நேரடிச் சோதனை உண்டு. ஃபியூஸ் வைத்த தனி ஒயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கொடுங்கள். ஆறியிருக்கும்போது சுற்றி, சூட்டில் நின்றுவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் மறுபடி சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இப்போது மோட்டாரை மாற்றுங்கள், மனசாட்சியோடு மாற்றலாம். வேலை செய்யும்போது கையும் துணியும் இறக்கைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

சென்சார் பக்கம் வருவோம். அது சூடேறச் சூடேறத் தடை குறையும் ஒரு சிறு பொருள். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருக்கும் தடை, 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே வந்துவிடும். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டருக்கு நம்ப முடியாத குளிர் தெரியும். அது 'இந்தச் சாட்சியை நம்புவதற்கில்லை' என்று முடிவுசெய்து, பெரும்பாலான வண்டிகளில் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். எனவே நிற்காமல் ஓடும் ஃபேனும் ஒரு செய்திதான். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், சென்சார் ஒயர் அறுந்திருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் காராக இருந்தால், புகைக்கரியை எரிக்கும் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் முள் நடுவிலேயே இருக்க, ஃபேன் மட்டும் இரைச்சலாக ஓடுவது இயல்பு. அதைப் பழுது என்று பிரித்துப்போடுவது, சிரிக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது போல.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, டைரக்ட் கொடுப்பதை ஆதரிக்கிறவர்களின் வாதம். 'ஸ்விட்ச் வைத்துக் கொடுத்த வண்டி ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுது, என்ன கெட்டுப்போச்சு?' என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தெர்மோஸ்டாட் நலமாக இருந்தால், ஃபேன் எப்போதும் ஓடுவதால் என்ஜின் பெரிதாகக் குளிர்ந்துபோகாது. நடுவழியில், சூளகிரியில் நின்றுபோன வண்டியை ஓசூர் கொண்டுவந்து சேர்க்க ஃபியூஸோடு ஒரு ஒயர் கொடுப்பது நல்ல முதலுதவி, அதைச் செய்கிறவரை நான் பாராட்டுவேன். ஆனால் முதலுதவியே நிரந்தரமாகும்போது மூன்று தீங்கு வருகிறது. ஸ்விட்ச் வைத்தால் அதைப் போட மறக்கும் ஒரு நாள் வரும். மெல்லிய ஒயரில், ஃபியூஸ் இல்லாமல் கொடுத்தால் தீப்பிடிக்கலாம். மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது: கம்ப்யூட்டர் ஃபேனைப் போடாததற்குக் காரணம் கூலன்ட் கசிவாகவோ கேஸ்கெட் வழியே ஏறும் காற்றாகவோ இருந்தால், அந்தக் காரணம் இப்போது ஊமையாக்கப்பட்டு உள்ளேயே வளரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை மட்டும் எந்த நிலையிலும் என்னால் ஏற்க முடியாது. டீசல் என்ஜின் தன் வேலைவெப்பத்தை எட்டாமல் ஓடினால் எரிதல் குறைபட்டு, கரி படிந்து, டீசலும் கூடுதலாகச் செலவாகும். சூட்டுக்குப் பயந்து அதைக் கழற்றியவர் அந்தக் காசை ஒவ்வொரு பங்க்கிலும் கட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது மறுப்பு, 'ஸ்கேனர் இருக்கிறதே' என்பது. ஸ்கேனர் நல்ல கருவி. ஆனால் பி0480 என்று அது காட்டும்போது, ஃபேனைக் கட்டுப்படுத்தும் சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. ரிலேயின் காயிலா, ஒயரா, கம்ப்யூட்டரா என்று சொல்வதில்லை. மோட்டாரின் பிரஷ் தேய்ந்ததையோ, இறக்கை உடைந்ததையோ, கண்டென்சர் பின்னால் கம்பளி விரிந்ததையோ பல வண்டிகளில் அதனால் அறியவே முடியாது. ஸ்கேனரின் உண்மையான பயன் வேறு: அதில் ஓடும் கூலன்ட் வெப்ப எண்ணை, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் தனியாக அளந்த வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்த பிறகும் இரண்டும் வெகுவாக விலகி நின்றால் சென்சார் பொய் சொல்கிறதா, கூலன்ட்தான் சுற்றவில்லையா என்று ஆராயத் தொடங்கலாம். காலையில் ஆறிய வண்டியில் அந்த எண் வெளிக்காற்றின் வெப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது.

மூன்றாவது மறுப்பு எதிர்காலத்தைப் பற்றியது. போச்சம்பள்ளியில் ஓலா வந்துவிட்டது, ஓசூரில் ஏத்தர் வந்துவிட்டது, மின்வண்டிகளின் காலத்தில் டீசல் ஃபேனைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று இளைஞர்கள் கேட்கலாம். டெல்லியில் டீசல் வண்டிகளுக்கு வந்தது போன்ற பத்தாண்டு வரம்பு தமிழ்நாட்டில் இல்லை. மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும், அதற்கு முன் விற்ற டிசையர்கள் டி.என். 70, டி.என். 24 பலகைகளோடு இன்னும் இந்தச் சாலைகளில் வாடகைக்கு ஓடுகின்றன. பல குடும்பங்களின் அடுப்பு அவற்றால் எரிகிறது. அதோடு, மின்காரிலும் பேட்டரியைக் குளிர்விக்கக் கூலன்ட் ஓடுகிறது, பம்ப் இருக்கிறது, முன்னால் ரேடியேட்டரும் ஃபேனும் இருக்கின்றன, சென்சார் சொன்னதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் ஃபேனைப் போடுகிறது. சங்கிலி அதேதான். அங்கே 'மாத்திப் பாத்துடலாம்' என்றால் மாற்ற வேண்டிய பொருளின் விலைதான் கூடியிருக்கும்.

கடைசி மறுப்பே மிகக் கடினமானது, அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பட்டறைக்காரர் சொல்வார்: 'நான் ஒரு மணி நேரம் ஒயரைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு எர்த் போல்ட்டை இறுக்கினால், ஒரு போல்ட் இறுக்க இவ்வளவா என்று கேட்கிறார்கள். மோட்டாரை மாற்றினால் பில்லைப் பார்த்துப் பேசாமல் கொடுக்கிறார்கள்.' இது முழு உண்மை. நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், அறிவுக்குக் கொடுப்பதில்லை. மருத்துவரிடம் மாத்திரை எழுதாவிட்டாலும் கட்டணம் கட்டுகிறோம். மெக்கானிக்கிடம் அதற்கு மனம் வருவதில்லை. சோதனைக்கென்று தனியாக ஒரு கூலியைப் பட்டறைகள் பலகையில் எழுதி வைக்க வேண்டும், வண்டிக்காரர்கள் அதை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். அந்தக் கூலி இல்லாதவரை, மாற்றிப் பார்ப்பவர்தான் பிழைப்பார், கண்டுபிடிப்பவர் பட்டினி கிடப்பார்.

வண்டி வைத்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஃபேன் பழுதென்று பட்டறைக்குப் போனால், எங்கே, எந்த வேகத்தில் சூடானது, ஏ.சி. ஓடியதா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். அது எந்தச் சோதனையில் தோற்றது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த மெக்கானிக்குக்கு, எதையும் மாற்றாவிட்டாலும், அவர் கேட்கும் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.